இரண்டில் எந்த வயிறு

எடை குறைக்கும் அறுவைக்கு இரண்டு வழி உண்டு என்று, டாக்டர் ரதோஷ் ஒரு தாளில் இரண்டு வயிறுகளை வரைந்தார். முதலாவதில், இரைப்பையை நெடுக்காக வெட்டி, முக்கால் பங்கை எடுத்துவிட்டு மீதியைக் குழாய்போல விட்டுவிடுவது. இரண்டாவதில், இரைப்பையின் மேல்முனையில் முட்டையளவுக்கு ஒரு பையைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு சேர்த்துவிடுவது.

"ரெண்டுமே செய்யலாம்," என்றார். "உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருக்கு, சர்க்கரை இருக்கு. அதனால எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. ஆனா ஆயுசுக்கும் விட்டமின் மாத்திரை போடணும். இனிப்பு தின்னா வேர்த்துக் கொட்டும், மயக்கமா வரலாம். அந்த வயித்தோட வாழப்போறது நீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"நீங்களே முடிவு பண்ணிடுங்களேன் டாக்டர்," என்றாள் நெவென்கா. "ஒவ்வொரு திங்கக்கிழமையும் நான் ஒரு முடிவு எடுத்துட்டுதான் இருக்கேன். அலுத்துப்போச்சு."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் அவகாசம் தந்தார்.

என் மனைவி நெவென்கா ஒசியேக் நகரில் டிராம் ஓட்டுகிறாள். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, நூற்று முப்பத்தெட்டு கிலோ. முட்டைக்கோஸ் சூப், பட்டினி, மூலிகைத் தேநீர், ஊசி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். இறங்கிய எடை ஒவ்வொரு முறையும் கூட்டாளியோடு திரும்பி வந்தது. நானோ பள்ளிக்கூடச் சமையல்காரன். வேலையிடத்தில் அளவாகச் சமைத்துவிட்டு, வீட்டில் அளவில்லாமல் சமைப்பேன்.

அந்த ஞாயிறு என் தங்கை யகோடா சாப்பிட வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் முதல் வகை அறுவை செய்துகொண்டவள். நாற்பது கிலோ குறைந்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஆகியிருந்தாள். நான் ப்ளம் பழத்தை உள்ளே வைத்து உருளைக்கிழங்கு உருண்டை வேகவைத்து, நெய்யில் வறுத்த ரொட்டித்தூளும் சர்க்கரையும் புரட்டி வைத்திருந்தேன்.

"முதலாவதையே பண்ணிக்கோ," என்றாள் யகோடா. "குடலை எல்லாம் எதுக்குத் தொடணும்? அது என்ன உன் டிராம் தண்டவாளமா, இஷ்டத்துக்குத் தடம் மாத்திவிட?"

"எனக்கும் அதான் தோணுது," என்றேன் நான். "வெட்டுறது கம்மியா இருந்தா நல்லதுதானே."

நெவென்கா என்னையே பார்த்தாள். "உனக்கு என் குடல் மேல அக்கறையா, இந்த உருண்டை மேல அக்கறையா?"

நான் சமைப்பதை அவள் சாப்பிடுவதுதான் இத்தனை வருடமாக எங்களுக்குள் இருந்த பேச்சு. அது நின்றுபோனால் வேறென்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது யகோடா குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். நெவென்கா பின்னாலேயே போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒன்றரை வருஷமா. படுத்தா தொண்டை வரைக்கும் நெருப்பா ஏறுது. நாற்காலியிலதான் தூங்குறேன்."

"ஏன்டி சொல்லல?"

"எனக்கு முன்னாடியே நெஞ்செரிச்சல் இருந்துச்சு. டாக்டர்கிட்ட மறைச்சுட்டேன், சின்ன அறுவையா முடியட்டும்னு. இப்ப எல்லாரும் எவ்வளவு அழகாயிட்டேன்னு சொல்றாங்க. அவங்ககிட்டப் போய் நான் படுத்துத் தூங்கி ஒன்றரை வருஷமாச்சுன்னா சொல்றது?"

"அப்ப என்னை ஏன் அதுலயே தள்ளிவிடப் பார்த்த?"

உள்ளே யகோடா குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது.

"நீயும் அதையே பண்ணிக்கிட்டா, நான் செஞ்சது தப்பில்லைன்னு ஆகும்ல."

நெவென்கா கோபப்படுவாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தபோது, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து யகோடாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "உன்கூடச் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லடி," என்றாள்.

மறுநாளே டாக்டருக்குத் தொலைபேசியில் இரண்டாவது என்று சொல்லிவிட்டாள். பிறகு என்னிடம் வந்தாள். "இனிமே உன் சமையல்ல நாலு கரண்டிதான் சாப்பிடுவேன். அதுக்காக நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"வச்சுக்க மாட்டேன்," என்றேன். அப்போதே வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்டோபரில் அறுவை நடந்தது. முதல் மாதம் வடிகட்டிய சூப்பும் மசித்த பரங்கியும்தான். ஒருநாள் மூன்றாவது கரண்டியிலேயே வயிறு அடைத்துக்கொள்ள, மேசையில் தலைசாய்த்து அழுதாள். கிறிஸ்துமஸில் ஆசை தாளாமல் ஒரு உருண்டையைத் தின்றுவிட்டு, நெஞ்சு படபடக்க, சட்டை நனைய, ஒரு மணி நேரம் சோபாவில் கிடந்தாள். அதன் பிறகு நான் அதைச் செய்யவில்லை.

அடுத்த கோடைக்குள் நாற்பத்தாறு கிலோ குறைந்திருந்தது. சர்க்கரை மாத்திரை பாதியானது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கியது. ரத்தத்தில் இரும்புச்சத்து இறங்கி, வேலை முடிந்து வந்தால் உடுப்பு மாற்றக்கூட முடியாமல் உட்கார்ந்துவிடுவாள். யகோடாவுக்கும் இரண்டாவது வகைக்கு மாற்றி மறு அறுவை வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, கூடப் போனவள் இவள்தான்.

"ரெண்டாவது கஷ்டமா இருக்குமா?" என்று யகோடா கேட்டாளாம்.

"கஷ்டம்தான். ஆனா கால் நீட்டிப் படுத்துத் தூங்குறேன்," என்றாளாம் இவள்.

இப்போதெல்லாம் நான்தான் முதலில் சாப்பிட்டு முடிக்கிறேன். ஒரு சின்னக் கிண்ணம் மீனை அரைமணி நேரம் மென்று தின்கிறாள். பாதியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்று டிராமில் ஏறியவர்களைப் பற்றி ஏதாவது சொல்வாள். நான் எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.