இறுகாத தொட்டி

"சம்மட்டியை எடு."

"வண்டி வர்ற நேரத்துல சம்மட்டி எதுக்கு?"

"எடுன்னா எடு. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். பட்டறையில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுக்க வந்தவள், ஒன்றை இடுப்பில் இடுக்கியபடி அண்ணனைப் பார்த்தாள். வலது கையில் முழங்கை வரை கட்டு. நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம்.

அவள் நகரவில்லை. அவனே எட்டி, ஆணியில் மாட்டியிருந்த சம்மட்டியை இடது கையால் உருவினான். நேராகப் பட்டறையின் கோடிக்குப் போனான். அங்கே அச்சின்மேல் கவிழ்ந்திருந்தது, தம்பி கடைசியாகக் கண்ணாடி நார்ப் பாய் ஒட்டிய குளியல் தொட்டி. வாசல் பக்கம் கூரை கரியாகிவிட்டது. மேஜை கரி, அலமாரி கரி. மண்ணள்ளிப் போட்டு அணைத்ததில் தீ இந்தக் கோடிக்கு வரவில்லை.

"அதை என்னண்ணே பண்ணப்போற?"

"உடைக்கப்போறேன். என் தம்பியை முழுங்கின சாமான் இந்த இடத்துல இருக்கக் கூடாது."

"அவனைத் தூக்கறதுக்கு முன்னாடியா? அங்க எல்லாரும் உன்னைத் தேடறாங்க."

"தேடட்டும்."

ஓங்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஃபைபர் தொட்டியில் சம்மட்டி விழுந்தால் தெருமுனை வரை கேட்கும். வார்ப்பு பிசகிய தொட்டிகள் எத்தனையோ உடைத்திருக்கிறார்கள். காதைப் பொத்த நாற்காலியைக் கீழே போட்டாள்.

சொத்தென்றது.

சேற்றில் தேங்காய் விழுந்த மாதிரி. அவள் கண்ணைத் திறந்தாள். சம்மட்டி உள்ளே அமுங்கியிருந்தது. அவன் இழுத்ததும் கூடவே கண்ணாடி நாரும் ரெசின் பிசினும் நூல் நூலாக எழுந்து வந்தன.

"இன்னுமா ஈரமா இருக்கு?" என்றாள்.

அவன் மறுபடி ஓங்கினான். மறுபடி சொத். மூன்றாவது அடியில் பிசின் தெறித்து அவள் கன்னத்தில் விழுந்தது. விரலால் தொட்டாள். விரலும் விரலும் ஒட்டிப் பிரிந்தன.

அந்தப் பட்டறையில் ரெசினுக்குள் இரண்டு திரவம் போக வேண்டும். முதலில் கோபால்ட், ஊதா நிறத்தில் சில சொட்டு. பிறகு தண்ணீர் மாதிரி இருக்கும் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட்டை மட்டும் எவ்வளவு ஊற்றினாலும் ரெசின் எண்ணெய் மாதிரி அப்படியே கிடக்கும். கோபால்ட் போயிருந்தால்தான் அரை மணியில் கல்லாகும். ஆனால் ரெசின் நடுவில் இல்லாமல் அந்த இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடி. அதனால் அப்பா காலத்திலேயே ஏற்பாடு: கோபால்ட் பெரியவன் கை, கேட்டலிஸ்ட் சின்னவன் கை. ஒரே கைக்கு ரெண்டும் வரக் கூடாது. காலையில் பெரியவன் ரெசின் டிரம்மில் கோபால்ட் கலந்துவிடுவான். அப்புறம் வாளி வாளியாகச் சின்னவன் பார்த்துக்கொள்வான்.

தொட்டியின் விளிம்பில் தம்பியின் ரோலர் கிடந்தது. பாயை அமுக்கி உருட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் விட்டுப்போனது. அவள் பிடியைப் பற்றித் தூக்கினாள். வந்துவிட்டது. வெண்ணெயிலிருந்து கத்தி வருகிற மாதிரி.

"நீ நேத்து டிரம்முல கோபால்ட் போடலை."

"போட்டேன்."

"விசாரிக்க வந்தவங்ககிட்டயும் அதைத்தான் சொன்ன. நான் எப்பவும் போலக் கலந்துட்டேன், அவன் என்னத்தையோ குழப்பி ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டான்னு."

"ஆமா."

"போட்டிருந்தா இது ஏன் இப்படிக் கிடக்கு?"

"குளிர்."

"குளிரா! உனக்கு வேர்த்து ஊத்துது."

அறைந்தான். கட்டுப்போட்ட கையாலேயே அறைந்தான். வலி அவனுக்குத்தான் அதிகம், பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். அவள் கன்னத்து ரெசினில் கட்டுத் துணியின் பிசிறு ஒட்டிக்கொண்டது.

"தனியாப் போறேன்னு அவன் முந்தாநாள் சொன்னான். நேத்துக் காலையில நீ சொன்னதைச் சமையல்கட்டுலேர்ந்து கேட்டேன். 'போடா, என் கை படாம உன் வேலை எப்படி இறுகுதுன்னு பாக்கறேன்'னு. விளையாட்டுப் பேச்சுன்னு நினைச்சேன்."

"விளையாட்டுதான்."

"இறுகலைன்னதும் கேக்க வந்திருக்கான்."

"சிரிச்சான்டி." அவன் குரல் உடைந்தது. "உன் கோபால்ட்டை நீயே குடின்னு சொல்லிச் சிரிச்சான்."

அவள் வாசற்பக்கச் சுவரைப் பார்த்தாள். கரிக்கு மேலே, வெந்து போகாத இடத்தில், ஊதாத் துளிகள் விசிறிப்போயிருந்தன. ஒரு ஆள் தலை உயரத்துக்கு. நேற்றிலிருந்து எத்தனை பேர் அதைத் தாண்டிப் போனார்கள். தலை உயரத்தில் வைத்து யாரும் எதையும் கலப்பதில்லை.

"கோபால்ட்டை அவன் மூஞ்சில விட்டெறிஞ்சியா?"

"அவன் கையில மக் இருந்ததை நான் பாக்கலை. சத்தியமாப் பாக்கலை. நெஞ்சுக்கு நேரா வச்சிருந்திருக்கான், கேட்டலிஸ்ட்டு மக்கை." சம்மட்டியின் காம்பில் நெற்றியை முட்டிக்கொண்டான். "அணைக்கத்தான் ஓடினேன். இந்தக் கையைப் பாரு. வேணும்னா வெட்டிப் போடு."

"கையை வெட்டி என்ன செய்ய?"

"வெளியில சொல்லிடாதே. உனக்கும் தம்பி பொண்டாட்டிக்கும் இனிமே நான் ஒருத்தன்தான்."

கூடத்திலிருந்து பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கனத்த குரல் சுவரைத் தாண்டி வந்தது. "இருபது வருஷம் இதே வேலைங்க. எதை எதோட சேக்கக் கூடாதுன்னு தெரியாதா? மூளையை எங்க அடகு வச்சான்னு தெரியலை."

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

பின்வாசல் நிழலாடியது. தம்பி மனைவி நின்றிருந்தாள். அழுது முடித்துவிட்ட கண்கள் அல்ல, இன்னும் தொடங்காத கண்கள்.

"என்னக்கா சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா, நீ உள்ள போ," என்றான் அண்ணன்.

தம்பி மனைவி அவனைப் பார்க்கவில்லை. "அக்கா, நீங்க சொல்லுங்க. அங்க அவரை முட்டாளாக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு என் பொண்ணு கேக்கும். அவர் அப்படிக் கலக்கற ஆளாக்கா?"

அண்ணன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு மட்டும் அசைந்தது. வேண்டாம் என்றது.

தம்பியின் ரோலர்களைத் தினமும் மாலையில் கழுவுகிறவள் தம்பி மனைவிதான். ஒரு நாள் மறந்துவிட்டாள். மறுநாள் இறுகிய பிசின் உளி வைத்துக் கொத்தியும் வரவில்லை, ரோலரையே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. "என் பொண்டாட்டி சிலை செஞ்சிருக்கா, வந்து பாருங்க" என்று தம்பி ஊரைக் கூட்டினான்.

தங்கை கையிலிருந்த ரோலரை நீட்டினாள்.

தம்பி மனைவி வாங்கிக்கொண்டாள். பிடியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். கட்டைவிரலை உருளையின்மேல் வைத்துத் தள்ளினாள்.

சுற்றியது.

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. "பெரியவரைக் கூப்பிடுங்கப்பா, தோள் கொடுக்கணும்" என்று யாரோ சொன்னார்கள்.

மூன்று பேரும் அசையவில்லை. தம்பி மனைவி மறுபடி ஒரு முறை தள்ளினாள். உருளை சத்தமில்லாமல் சுற்றியது. அதிலிருந்து ஒரு சொட்டு, நூலாக நீண்டு, அறுந்துபோகாமல், தரையைத் தொட்டது.