பெட்டிக்குள் கிடந்த ஒப்பந்தக்காரர்

செல்வரட்ணத்தாரைப் படத்துக்குப் பிடித்துக் கொடுத்தது அவருடைய நித்திரைதான். செத்தவீட்டுக் காட்சிக்கு வீடு தேடிச் சண்டிலிப்பாய்க்கு வந்த இயக்குநர், பக்கத்துத் தோட்டக் கொட்டிலில் மத்தியான நித்திரையில் கிடந்தவரைக் கண்டு, மனுசன் போய்விட்டார் என்றே நினைத்திருக்கிறார். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியவில்லை. மூக்கில் ஈ நடந்தும் முகம் அசையவில்லை. கதாநாயகியின் தகப்பனாகப் பெட்டிக்குள் கிடக்க இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார்.

அறுபது வயதுக்கு மேல் நடிகராவதில் செல்வரட்ணத்தாருக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. உள்ளுக்குள் ஒரே சந்தோசம், பெரிய புளுகம். மனைவி ஞானாம்பிகைக்குத்தான் பிடிக்கவில்லை.

"நான் தாலியோடை இருக்கேக்கை நீங்கள் போய்ப் பெட்டிக்குள்ளை கிடக்கப் போறியளோ? சும்மா கிடக்கிறதுக்குக் காசு தாறாங்கள் எண்டால் அதிலை ஏதோ பிழை இருக்கு" என்றாள்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படப்பிடிப்பு வீட்டுச் சந்தியில் அவருடைய படத்தோடு ஆளுயரக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியபோது, ஞானாம்பிகை அந்த ஒழுங்கையால் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். விசயம் தெரியாத இரண்டு பேர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கவும் வந்தார்கள். கதவைத் திறந்தது செல்வரட்ணத்தார்தான்.

முதல்நாள் படப்பிடிப்பில் எல்லாம் அசல் செத்தவீடு மாதிரியே இருக்க வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் மாலை, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் ஒரு கட்டு. முதலில் செல்வரட்ணத்தாரின் முகத்தைக் கிட்டவாக எடுத்தார்கள். பிறகு, சென்னையிலிருந்து வந்திருந்த கதாநாயகி பெட்டியில் விழுந்து அழுகிற காட்சி. இரண்டு தரம் அழுதும் சரிவரவில்லை. மூன்றாம் தரம் அந்தப் பிள்ளை உண்மையாகவே அழத் தொடங்கிய நேரம், பெட்டிக்கு மேலே கட்டியிருந்த பழைய விளக்கிலிருந்து, வெளிச்சத்தை மறைக்கிற தகரத் தட்டு ஒன்று கழன்று செல்வரட்ணத்தாரின் இடக்கையில் விழுந்தது. அந்த விளக்கு கொஞ்சநேரம் எரிந்தால் அந்தத் தட்டில் அப்பம் சுடலாம்.

இயக்குநர் "கட்" சொல்லும்வரை செல்வரட்ணத்தார் அசையவில்லை. "நான் எழும்பினால் அந்தப் பிள்ளை நாலாந்தரமும் அழவேணும்" என்று பிறகு சொன்னார். தட்டை எடுத்தபோது தோலும் கூட வந்தது. எழுந்து ஓடலாம் என்றாலும் கால்விரல்கள் கட்டியிருந்தன. இயக்குநருக்கு அந்தக் காட்சி மிகவும் திருப்தி. கமரா கதாநாயகியின் முகத்தில் இருந்தபடியால் கை எதிலும் தெரியாது.

ஆசுபத்திரியில் மருந்து கட்டிவிட்டுக் கையை ஒரு மாதத்துக்கு வேலைக்கு எடுக்கக்கூடாது என்றார்கள். தோட்டத்தில் புகையிலை வெட்டுக்கு நின்றது. அவர் ஒற்றைக்கையோடு வரம்பில் நின்று பார்க்கத்தான் முடியும். வெட்டுக்கு ஒரு ஆள் பிடிக்க வேண்டும், அந்த ஆளின் கூலியைக் கம்பனி கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அதற்கு மேல் ஒரு சதமும் கேட்கவில்லை.

கம்பனி லண்டனில் இருந்தது. இங்கே அதன் கையும் வாயும் கொக்குவில் கீர்த்திகன். நல்ல பெடியன், சாப்பாட்டுப் பார்சல் முதல் பொலிஸ் அனுமதிவரை அவன்தான் ஓடித்திரிந்து பார்த்தான். அவன் அடுத்தநாள் காலை எல்லாருக்கும் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினான். இந்தப் படத்தில் வேலை செய்கிற எவரும் கம்பனியின் தொழிலாளர் அல்லர், தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். வேலையை எப்படி, எப்போது செய்வது என்பது அவரவர் சுதந்திரம். படப்பிடிப்பு நடக்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஏதும் காயம், சேதம் வந்தால் அதற்கு அவரவரே பொறுப்பு. இவ்வளவும் முதல்நாளிலிருந்தே செல்லுபடியாகும்.

விளக்குகளுக்குப் பொறுப்பான லெனாட் அதை இரண்டு தரம் வாசித்தான். குருநகர்க் கடற்தொழில் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்து, கலியாண வீடியோக்காரருக்கு விளக்குப் பிடிக்கப் போய், அப்படியே படத்துக்கு வந்தவன். படப்பிடிப்புத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரும் அவன்தான். இதில் கையெழுத்துப் போட்டால் கழன்று விழுந்த தட்டு அவனுடைய தலையில்தான் விழும் என்பது அவனுக்கு உடனே விளங்கியது. விளக்கைக் கட்டியது அவனுடைய ஆட்கள்.

வேலை நின்றது. சங்கத்து ஆட்கள் படப்பிடிப்பு வீட்டு வாசலில் கூடாரம் போட்டுக் குந்தினார்கள். லெனாட் ஒரு கதிரையில் ஏறி நின்று கதைத்தான். நன்றாகக் கதைக்கக் கூடியவன்.

"எங்கடை கரையிலை வள்ளத்திலை ஏறின எல்லாருக்கும் பங்கு இருக்கு. வலை இழுத்தவன், இழுக்காமல் கிடந்தவன் எண்டு நாங்கள் பிரிச்சுப் பாக்கிறேல்லை. செல்வரட்ணம் அண்ணையின்ரை கை வெந்தது வேலையிலை. அதுக்கு நியாயம் கிடைக்காமல் ஒரு விளக்கும் எரியாது."

செல்வரட்ணத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கத்தில் சேரச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சங்கத்துக்கு ஒரு பதாகை தேவைப்பட்டபோது, கண்ணீர் அஞ்சலி அடித்த அதே கடைக்காரர் அதே படத்தைப் போட்டு அடித்துக் கொடுத்தார். ஆகவே ஒரே சந்தியில் இரண்டு செல்வரட்ணத்தார் தொங்கினார்கள். ஒருவர் சிவபதம் அடைந்திருந்தார், மற்றவர் நியாயம் கேட்டார். நடுவில் உண்மையான செல்வரட்ணத்தார் கட்டுப்போட்ட கையோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தினமும் காலையில் வருவார், பொழுதுபட வீட்டுக்குப் போவார்.

விளக்குக்காரரை வவுனியாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கொண்டுவரலாம் என்று கீர்த்திகன் கணக்குப் பார்த்தான். பிணத்தைத்தான் மாற்ற முடியாது. அவருடைய முகத்தைக் கிட்டவாக எடுத்தாகிவிட்டது. கதாநாயகியின் தகப்பன் பாதிச் செத்தவீட்டில் வேறு ஆளாக மாறினால் சனம் சிரிக்கும். ஆகவே கீர்த்திகன் ஒருநாள் பின்னேரம் செல்வரட்ணத்தாரின் வீட்டுக்கே போனான்.

"ஐயா, நீங்கள் மட்டும் வாங்கோ. உங்கடை கூலியாளின்ரை காசை நான் தாறன். உங்கடை சம்பளத்தையும் ரெட்டிப்பாத் தாறன். சங்கத்துக்கும் உங்களுக்கும் என்ன?"

ஞானாம்பிகை தேத்தண்ணியோடு வந்து நின்றாள். அந்தக் காசு தோட்டத்துக்கு எவ்வளவு தேவை என்பது அவளுக்குத் தெரியும்.

"லெனாட் எனக்காண்டித்தானே நிக்கிறான், தம்பி. நான் அவங்களை விட்டிட்டு வந்து படுத்தால் எனக்கு நித்திரையும் வராது, சாவும் வராது" என்றார் செல்வரட்ணத்தார்.

கீர்த்திகன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். தோட்டத்தில் புகையிலை முற்றிக்கொண்டிருந்தது. ஞானாம்பிகை அடுத்தநாள் காலையில் தானே கத்தியை எடுத்துக்கொண்டு வெட்டப் போனாள்.

கதாநாயகி சென்னைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்க, கம்பனி இறங்கி வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலில் வைத்துக் கீர்த்திகனும் லெனாட்டும் பேசி முடித்தார்கள். சங்கத்து ஆட்கள் எல்லாரும் இனிக் கம்பனியின் தொழிலாளர். வேலை இல்லாத நாளுக்கு அரைச்சம்பளம். காயம் பட்டால் கம்பனி பார்க்கும். லெனாட் கேட்ட எல்லாமே கிடைத்தது. இரண்டு சிறிய விசயங்களில் மட்டும் அவன் விட்டுக்கொடுத்தான். நடிக்க வருகிறவர்கள் சங்கத்துக்குள் அடங்கமாட்டார்கள். முதல்நாள் நடந்த சம்பவத்துக்கு எந்தத் தரப்பும் பொறுப்பில்லை.

இரண்டாவது விசயத்தில் லெனாட்டுக்கும் நன்மை இருந்தது. கேள்வியைக் கிளறினால், விளக்கைக் கட்டியவன் யார் என்ற இடத்தில்தான் போய் நிற்கும்.

மறுநாள் காலை செல்வரட்ணத்தார் சவரம் செய்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கூடாரம் இல்லை. சங்கத்தின் பதாகையைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி மட்டும் தொங்கியது. அது காட்சிக்குத் தேவை. ஆட்கள் சிரித்துப் பேசி வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். லெனாட் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் விசயத்தைச் சொன்னான். சொல்லும்போது அவரைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தான்.

"உங்கடை அலுவலைப் பிறகு தனியாக் கதைப்பம் அண்ணை. இப்ப இதை விட்டால் எங்கடை ஆக்களுக்கு ஒண்டும் கிடைக்காமல் போயிடும்."

செல்வரட்ணத்தார் "ஓம்" என்றார். பிறகு கீர்த்திகன் அதே பழைய பேப்பரை அவரிடம் நீட்டினான். இப்போது அது அவருக்கு மட்டும்தான். வாசித்துக் காட்டச் சொன்னார். அவன் வாசித்தான். ஒரு இடத்தில் நிறுத்தி, அதைத் திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் பெட்டிக்குள் படுத்தார்.

மாலை போட்டார்கள். திருநீறு பூசினார்கள். கால்விரலைக் கட்ட வந்தவனை மட்டும் வேண்டாம் என்றார். வேட்டியை இழுத்துக் காலையும், மாலையை இறக்கிக் கட்டுப்போட்ட கையையும் மூடினார்கள். முதல்நாள் கிட்டவாக எடுத்த அழுகையை இனித் தூரத்திலிருந்து, செத்தவீடு முழுதும் தெரிய எடுக்க வேண்டும். அழுகிற பெண்கள் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள். இயக்குநர் "அக்ஷன்" என்றார். கதாநாயகி ஓடி வந்து பெட்டியில் விழுந்தாள்.

செல்வரட்ணத்தார் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

அவள் வீரிட்டுப் பின்னால் விழுந்தாள். யாரோ சிரித்தார்கள். தூசி விழுந்திருக்கும் என்று இயக்குநர் மன்னித்தார். இரண்டாம் தரமும் கண் திறந்தது. மூன்றாம் தரம் செல்வரட்ணத்தார் எழுந்தே இருந்துவிட்டார்.

"ஐயா, என்ன இது? கண்ணை மூடிக்கொண்டு கிடவுங்கோவன்" என்றார் இயக்குநர்.

"மூடுறன் தம்பி. ஆனால் எப்ப மூடுறது எண்டது என்ரை சுதந்திரம். எப்பிடி வேலை செய்யிறது எண்டதும் என்ரை சுதந்திரம். காலமை கையெழுத்து வைச்சனான். நான் உங்கடை வேலையாள் எண்டால் நீங்கள் சொல்லுற நேரம் மூடலாம்."

கீர்த்திகன் ஓடி வந்தான். காலையில் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துக் காட்டியவன் அவனே. நாயகிக்கு நாளைக் காலை பலாலியில் விமானம். வெயில் யன்னலை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் லெனாட்டின் பக்கம் திரும்பினார்.

"லெனாட், வேலை தொடங்கினால் குழப்பம் வராது எண்டு சொல்லித்தானே நீர் ஒப்பம் வைச்சனீர். உம்மடை ஆளுக்குச் சொல்லும்."

எல்லாரும் லெனாட்டைப் பார்த்தார்கள். அவனுடைய ஆட்கள், அழவந்த பெண்கள், பெட்டிக்குள் இருந்த செல்வரட்ணத்தார், எல்லாரும்.

"நான் உங்கடை வள்ளத்திலை ஏறேல்லையோ, லெனாட்?" என்று செல்வரட்ணத்தார் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

அவரும் எங்கடை ஆள்தான் என்று சொன்னால் ஹோட்டலில் வைத்த கையெழுத்து போய்விடும். லெனாட் கையில் இருந்த வயரைச் சுருட்டினான்.

"உவர் எங்கடை ஆள் இல்லை" என்று இயக்குநரிடம் சொன்னான்.

வயர் இழுக்கிற பெடியள் நிலத்தைப் பார்த்தார்கள். கீர்த்திகன் வெளியே போய் லண்டனுக்கு அழைப்பு எடுத்துக் கதைத்தான். கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பது யன்னலால் தெரிந்தது. திரும்பி வந்து, ஒரு வெள்ளைத்தாளில் நின்றபடியே எழுதினான். வேலை செய்யும்போது ஏற்பட்ட காயம், கைப்புண் ஆறும்வரை தோட்டத்துக் கூலியைக் கம்பனி கொடுக்கும் என்று எழுதி, கீழே ஒப்பம் வைத்தான். செல்வரட்ணத்தார் சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்து வரச்சொல்லி, மாலையும் திருநீறுமாகப் பெட்டிக்குள் இருந்து அதை ஆறுதலாக வாசித்தார். "வேலை செய்யும்போது" என்ற இடத்தில் விரலை வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தார்.

மாலையைச் சரி செய்தார்கள். பெண்களை இடத்தில் இருத்தினார்கள். லெனாட் ஏணியில் ஏறி, பெட்டிக்கு மேலே இருந்த விளக்கின் தட்டைக் கம்பியால் சுற்றி முறுக்கினான். பிறகு அதற்கு மேல் ஒரு கயிறும் போட்டுக் கட்டினான். முதல்நாளே கட்டியிருக்க வேண்டிய கயிறு அது. இறங்கி வந்து, விளக்கைச் சரிபார்க்கிற சாட்டில் பெட்டிக்குக் கிட்டக் குனிந்தான்.

"அண்ணை" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "எங்களோடை கோவமோ?"

செல்வரட்ணத்தார் கண்களை மூடிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியவில்லை.

லெனாட் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தான். கமரா இன்னும் ஓடத் தொடங்கியிருக்கவில்லை.