செல்லாயியின் ஐஸ் பெட்டி

செல்லாயியின் உடலைக் குளிப்பாட்டக் காய்ச்சிய வெந்நீரில் இரண்டு செம்பு மொண்டுகொண்டு பாவாயி பின்கட்டு அறைக்கு ஓடினாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சென்னிமலைக்குச் சுருக்கென்றது. நாலு நாள் காய்ச்சலில் செத்துப்போனது அவர் மனைவி. பாவாயி பக்கத்துத் தோட்டத்துக்காரி, அவ்வளவுதான்.

எழுந்து பின்னாலேயே போனார்.

"அது அவளுக்கு வெச்ச தண்ணி, பாவாயி."

"கரண்ட்டு போயிருச்சுங்க மாமா. அக்காளுக்கு வேணுங்கற தண்ணி இருக்குது. முட்டைக ஆறிப்போச்சுன்னா ஒண்ணும் பொரிக்காதுங்க."

வெந்நீரைப் புட்டிகளில் ஊற்றித் துணி சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் முட்டைகளுக்கு நடுவே செருகினாள். எந்தப் புட்டி எந்த மூலைக்கு என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

குமாரபாளையத்தில் பால் ஐஸ் விற்றவன் கழித்துப்போட்ட பெட்டி அது. மூன்று வருஷத்துக்கு முன் செல்லாயி அதை வாங்கித் தலையில் சுமந்து வந்தபோது சென்னிமலை சிரித்தார். முட்டைக்குச் சூடு கொடுக்க அவள் உள்ளே நாற்பது வாட் பல்பைத் தொங்கவிட்டாள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். காற்றுக்கு நாலு ஓட்டை போட்டாள். முதல் இரண்டு ஈடு முட்டையும் கெட்டது. மூன்றாவதில் அறுபது முட்டைக்கு நாற்பத்தொரு குஞ்சு. அப்புறம் குஞ்சு வாங்கத் திருச்செங்கோட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கால்நடை டாக்டர் ஜீப்பை நிறுத்தி, வாசலில் நின்ற சென்னிமலையைத் தாண்டிப் போய் அவளிடம் பேசினார். ஒருநாள் பஸ்ஸில் யாரோ, "இவருதாங்க செல்லாயம்மா ஊட்டுக்காரரு" என்று இன்னொருவரிடம் சொன்னார். எட்டு ஏக்கர் பூமிக்காரர், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வீடுவரை நடந்தே வந்தார்.

போன ஆடியில், அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பெட்டியின் நாலு ஓட்டையிலும் துணியைத் திணித்து அடைத்தார். அவள் வருவதற்குள் உருவி எடுத்துவிட்டார்; ஒரு ஓட்டையில் நூல் பிசிறு மட்டும் சிக்கி நின்றது. உள்ளே அத்தனையும் வெந்துபோயிருந்தது. செல்லாயி எருக்குழி ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாக உடைத்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இப்போது.

"அக்கா சொல்லிக்குடுத்துச்சுங்க."

"எனக்குச் சொல்லலையே."

"நீங்க ஒருநாளும் கேக்கலைன்னுச்சுங்க." பாவாயி பெட்டியின் பக்கவாட்டைத் தடவினாள். ஓட்டைகள் மேல் கம்பி வலை அடித்திருந்தது. "ஆடியில ஒரு ஈடு போச்சில்லைங்க, அப்பறந்தான் இதை அடிச்சுது. எலி துணிய இழுத்து அடச்சிருச்சுன்னு சொல்லுச்சு."

அதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்வாசலில் ஒப்பாரி மறுபடி தொடங்கியது.

"நாளைக்கு இதை எங்கூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரட்டுங்களா மாமா? பொரிக்கறதுக்கு இன்னும் ஆறு நாள்தான் கெடக்குது."

"வேண்டாம்." குரல் அவரே நினைக்காத அளவுக்கு உயர்ந்துவிட்டது. "இங்கயே இருக்கட்டும்."

"பாக்கறது யாருங்க?"

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "சென்னிமலை! செல்லாயி அண்ணனூட்டுக்காரங்க கோடித்துணி கொண்டாந்துட்டாங்க. வாங்க!"

அவர் அசையவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சூடு பத்துமான்னு எப்படிப் பாக்கறது?"

பாவாயி ஒரு முட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "கைக்குத் தெரியாதுங்க. கண்ண மூடி, எமை மேல வெச்சுப் பாருங்க. அக்கா அப்படித்தான் பாக்கும்."

சென்னிமலை கண்ணை மூடி முட்டையை இமைமேல் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். வெளியே மறுபடி கூப்பிட்டார்கள்.

"ஈரத்தோட வெக்கக் கூடாதுங்க மாமா," என்றாள் பாவாயி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "தொடச்சுட்டு வைங்க."

தோள் துண்டின் நுனியால் அதைத் துடைத்து வைத்துவிட்டு, அவர் அடுத்த முட்டையை எடுத்தார்.