எடுத்துப்போட்டேன்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, செல்போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். ஒரே ஒரு சொல்லால் துடியலூர் ஆபீஸ் ஒன்று இரண்டுபட்ட கதையைச் சொல்கிறேன்.

அந்த ஆபீஸில் எண்பது பேர் சேர்ந்து ஒரே கம்ப்யூட்டர் நிரலை எழுதுகிறார்கள். தோட்டத்து மோட்டாரை ஓட்டுவதும் அதுதான், பல்லடத்துக் கோழிப்பண்ணைகளில் விசிறியைச் சுற்றவைப்பதும் அதுதான். முன்பெல்லாம் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக வைத்திருந்தார்கள். அத்தனையையும் ஓரிடத்தில் சேர்த்தவள் ஹுமேரா. யார் எந்த வரியைத் தொட்டாலும், என்ன செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுதித்தான் சேர்க்க வேண்டும். "இனி எந்த மாற்றமும் தொலையாதுங்க" என்று மேலாளர் கீதாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அப்படிச் சேர்த்த நிரலை முதன்முதலாகப் பண்ணைகளுக்கு அனுப்பும் நாளன்று மதியம் இரண்டு மணிக்கு, சோதனை மேசையில் இருந்த விசிறி நின்றுபோனது. எவ்வளவு சூடு காட்டியும் அசையவில்லை.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டினா எது எங்க போச்சுன்னு ஆருக்குத் தெரியும், அம்மணி?" என்றார் கீதா. "நாலு மணிக்குள்ள கண்டுபுடிங்க. இல்லீன்னா பழையபடி பிரிச்சுப்போடலாம்."

அந்த வாரம் சேர்ந்த மாற்றங்கள் அறுநூறு. ஹுமேரா நடுவில் ஒன்றைப் பிடித்து, அதுவரைக்கும் உள்ள நிரலை ஓட்டிப் பார்த்தாள். விசிறி சுற்றியது. அப்படியானால் கோளாறு பின்பாதியில். அந்தப் பாதியையும் பாதியாக்கினாள், மறுபடியும் பாதியாக்கினாள். பத்தாவது தடவையில் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சியது. அன்று லீவில் போயிருந்த பவன் செய்தது. நாற்பது கோப்புகளைத் தொட்டிருந்தான். குறிப்பு இதுதான்: 'விசிறிக் கணக்கை எடுத்துப்போட்டேன்.'

"அழிச்சுப்போட்டானுங்க," என்றான் பக்கத்து நாற்காலி சாய்கிருஷ்ணா. "திரும்ப எழுதுங்க, தீர்ந்துது."

"இல்லீங்க, புதுசா ஒண்ணை உள்ள போட்டிருக்கான்," என்றார் கீதா. "அதை அழியுங்க. எங்க ஊட்டுல சோத்தை எடுத்துப்போட்டேன்னா தட்டுல இருக்கும்."

"எங்க ஊட்டுல குப்பைய எடுத்துப்போட்டேன்னா ஊட்டுல இருக்காதுங்க," என்றான் சாய்கிருஷ்ணா.

ஆபீஸே ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குப்பை என்று பிரிந்துவிட்டது. குத்துமதிப்பாகக் கைவைத்தால் மோட்டாரும் சேர்ந்து நின்றுவிடும். ஹுமேரா பவனுக்கே போன் போட்டாள். அவன் பெரியநாயக்கன்பாளையத்தில் அக்கா மகளின் காதுகுத்தில் இருந்தான். ஒரே மேளச் சத்தம்.

"பவன், கணக்கை எடுத்தியா, போட்டியா?"

"ஆமாங்கக்கா."

"அட, எடுத்தியா? போட்டியா?"

"ரெண்டுந்தானுங்கக்கா. பாப்பா அழுவுது, வெச்சர்றேன்."

காது கேட்காமல் உளறுகிறான் என்று சாய்கிருஷ்ணா சிரித்தான். ஹுமேராவோ அந்தப் பதிலை அப்படியே நம்பிப் பார்த்தாள். பண்ணைக் கோப்பில் காணாமல்போன வரிகளை மற்றக் கோப்புகளில் தேடினாள். மோட்டாருக்கும் விசிறிக்கும் பொதுவான கோப்பு ஒன்றில், எழுத்துப் பிசகாமல் அதே வரிகள் உட்கார்ந்திருந்தன. பவன் ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் போட்டிருக்கிறான். விசிறியின் நிரல் மட்டும் விஷயம் தெரியாமல் பழைய இடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

ஒரே வரியில் புது இடத்தைக் காட்டிவிட்டாள். விசிறி சுற்றிய சுற்றில் கீதாவின் காகிதங்களெல்லாம் பறந்தன.

"பிரிக்க வேண்டாமுங்க," என்றார் கீதா, குனிந்து பொறுக்கிக்கொண்டே. "தனித்தனியா இருந்திருந்தா ரெண்டு இடத்தையும் ஆரு சேர்த்துப் பார்த்திருப்பா?"

நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் புது நிரல் பல்லடம் போய்ச் சேர்ந்தது. ஹுமேரா இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறித்தாள். சோற்றுக் கட்சியும் குப்பைக் கட்சியும் ஒன்றாக டீ குடிக்கக் கிளம்பின.

இவ்வளவு நேரம் காது கொடுத்தீர்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் பால் பொங்குகிற சத்தமும் பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் ஓயாமல் இருக்கட்டும்.