பத்து மார்க் கேள்வி

ஒன்பது வருடமாக ஒரே இங்கிலீஷ் தாளில் ஃபெயிலாகிறவனை ஊர் மக்கு என்றுதான் சொல்லும். சொல்லட்டும். குற்றாலத்து லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிறவனுக்குப் பட்டம் எதற்கு?

நானும் உவைஸும் சேர்ந்துதான் தபால் வழி பி.ஏ. படித்தோம். இருவருக்கும் அந்த ஒரு தாள் அரியர். அவன் ஷார்ஜாவில் வேலை பார்த்தாலும் டிசம்பர் பரீட்சைக்கு லீவு போட்டு வந்துவிடுவான். காலையில் தென்காசியில் பரீட்சை, மத்தியானம் ஐந்தருவியில் குளியல், சாயந்திரம் பரோட்டா. அம்மா போனபிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஒரு நாள்தான் ஆள் இருந்தது. மற்ற நாளெல்லாம் நான் 'சார்', 'பாஸ்', 'ரூம் இருக்கா'தான்.

எடுத்த காரியத்தை விடாமல் முடிப்பது என்ற பொருளில் ஐந்து இங்கிலீஷ் வினைச்சொற்கள் எழுதி வாக்கியத்தில் அமைக்க வேண்டும். பத்து மார்க். வருடம் தவறாமல் வரும் கேள்வி. உவைஸுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். பெர்சிஸ்ட் என்றால் அருவிக்கரைக் குரங்கு பையைப் பிடித்து இழுப்பது. பெர்சிவியர் என்றால் எங்கள் லாட்ஜ் குழாயில் வாளி நிறையும்வரை நிற்பது. கேரி ஆன், ஸ்டிக் அட் இட், அப்புறம் சீ இட் த்ரூ. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர் பாதியில் எழுந்து போகாமல் கால் விரல்வரை தேய்த்துவிட்டுத்தான் போவார் இல்லையா, அதுதான் சீ இட் த்ரூ. அவன் மண்டையில் ஏறாது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் வேண்டுமென்றேதான் விடுவேன். எழுதினால் பாஸ். விட்டால் முப்பத்தாறு, முப்பத்தேழு; பாஸுக்கு நாற்பது வேண்டும். "நீ எழுதுததாலதாம்லே நானும் வாறேன்" என்று அவனே சொல்லியிருக்கிறான். நான் பாஸாகிவிட்டால் அவன் எதற்கு வருவான்?

இரண்டு வருடமாக அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். இந்தத் தடவை பழைய பாடத்திட்டத்துக்குக் கடைசி வாய்ப்பு என்று அறிவித்துவிட்டார்கள். இதற்குமா வரமாட்டான்? ஐந்தருவிக்குப் போகத் துண்டு, சோப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பரீட்சை மையத்தில் ஒட்டியிருந்த பட்டியலில் அந்தத் தாளுக்கு ஒரே ஒரு பெயர், என்னுடையது: உமாசங்கர்.

வாசலில் நின்று போன் போட்டேன்.

"ஏலே சங்கரு, நான் போன வருசமே இங்கன ஷார்ஜாவுல உள்ள சென்டர்ல எழுதிப் பாஸாயிட்டேம்லே. நீ சொல்லித்தந்த பத்து மார்க்குதான் காப்பாத்துச்சு."

"ஏம்லே சொல்லல?"

"சொன்னா நீ சோந்துபோயி விட்டுருவன்னுதான். விட்றாத, என்ன?"

உனக்காகத்தான்லே ஃபெயிலானேன் என்று வாய்வரை வந்தது. கேட்டால் எவனும் சிரிப்பான். "சரிலே" என்று வைத்துவிட்டேன். கோபத்தில் காது சுட்டது. அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை, நல்லதை நினைத்துத்தானே மறைத்திருக்கிறான்.

நாற்பது பெஞ்சு போட்ட ஹாலில் நானும் மேற்பார்வைக்கு வந்த டீச்சரும் மட்டும். அந்தக் கேள்வி வந்திருந்தது. வழக்கம்போல விட்டுவிடலாமா என்று பேனாவை மூடினேன். யாருக்காக விடுவது? ஐந்து சொல்லையும் எழுதினேன். வாக்கியத்தில் எல்லாம் உவைஸ் என்றே எழுதினேன், வேறு பெயர் வரவில்லை.

"எழுதி முடிச்சாச்சுன்னா போலாம் சார்" என்றார் டீச்சர். மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். ஐந்தருவிக்குப் போகவில்லை.

மார்ச்சில் முடிவு வந்தது. நாற்பத்தாறு. உவைஸுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"சூப்பர்லே! இனி ஒனக்கும் அலைச்சல் இல்ல, எனக்கும் இல்ல."

ஆமாம்லே என்று அனுப்பினேன். மூன்றாம் நம்பர் அறைக்காரர் சாவி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.