பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

கன்னியப்பன் அச்சுக்கோர்ப்பதில் கெட்டிக்காரன். புதுச்சேரியில் அவன் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி சேலத்தில் கிளை திறப்பதாகவும், அவனே அங்கே ஃபோர்மேன் என்றும் சொன்னபோது உடனே தலையாட்டிவிட்டான். மூலக்குளத்து வீட்டுக்கு வந்ததும், "சட்டி பானையெல்லாம் கட்டி வையி, அடுத்த மாசம் சேலம்" என்றான். அவன் மனைவி சுலோசனா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த வாரமே அவள் மாதர் சங்க ஆண்டு மலருக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தாள். அதைக் கோர்க்கும் வேலை கட்டின புருஷன் தலையிலேயே வந்து விழுந்தது.

கிரேக்க நாட்டுக் கதை அது. பாம்பு கடித்துச் செத்துப்போன மனைவியை மீட்க ஒரு பாட்டுக்காரன் எமலோகம் போகிறான். பாட்டில் மயங்கிய எமன், "கூட்டிப் போ. வெளியே போகிறவரை திரும்பிப் பார்க்காதே" என்கிறான். ஆசை தாங்காமல் அவன் திரும்பிப் பார்த்து அவளை இழந்தான் என்றுதான் ஊர் உலகம் சொல்லிவருகிறது. சுலோசனா எழுதியது வேறு. வாசல் நெருங்கும்போது அவள் பின்னாலிருந்து புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பெண்டாட்டி வாயால் தன் பேரைக் கேட்டிராத மனுஷன் பதறித் திரும்பாமல் என்ன செய்வான்? அவள் நிம்மதியாக உள்ளே போய்விடுகிறாள்.

கன்னியப்பனுக்குத் திக்கென்றது. பேர் சொன்னதையாவது வெளிநாட்டுக்காரி என்று மன்னித்துவிடலாம். அதற்காக வராமலே போய்விடுவதா? ஈய எழுத்துகளைத் துழாவி, 'அவளும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்' என்று கோர்த்து முடித்தான்.

சாயங்காலம் புரூஃபைப் படித்த சுலோசனா நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ எப்பங்க வந்து சேர்ந்தா?"

"நல்லபடியா முடியட்டுமேன்னுதான்... அவ்ளோ தூரம் போயி, எமன்கிட்டயே கெஞ்சிக் கூட்டியாறான். வந்தா என்ன கொறைஞ்சிடும்?"

"எமனைக் கேட்டான், சரி. வர்றியான்னு அவள ஒரு வார்த்தை கேட்டானா?"

 மறுநாள் கன்னியப்பன் முதல் வேலையாகத் தன் வரியைப் பிரித்துப் போட்டுவிட்டு, அவள் எழுதியதை எழுதியபடியே கோர்த்தான். வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சேலத்துக்கு... நீ வர்றியா?"

கேட்ட பிறகுதான் பயமே வந்தது. இந்தக் கேள்விக்கு மாட்டேன் என்றும் ஒரு பதில் உண்டு என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சுலோசனாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள்.