யாரும் அடிக்காத பந்து

எலாடியோவின் கை அந்தப் பேஸ்பால் ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே போய்விட்டது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், அன்று அவன் அவ்வளவு நன்றாக வீசியதுதான். எதிரணியில் ஒருவன்கூட அவன் பந்தை உருப்படியாக அடித்துவிட்டு ஓடவில்லை. ஆட்டம் முழுக்க இப்படி யாரையும் அடிக்க விடாமல் முடிப்பது பந்து வீசும் பிட்சருக்கு ஆயுளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது. அது நடந்துகொண்டிருக்கும்போது அவனிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் அதிர்ஷ்டம் கலைந்துவிடும். எங்கள் ஊர் சான் பெத்ரோவில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது.

ஆகவே பெஞ்சில் அம்மை போட்டவனை விட்டு ஒதுங்குவதுபோல எல்லோரும் அவனை விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தோம். நானும்தான். அவனுடைய கேட்சர் நான். பந்தை வீசுவது அவன், மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பது நான். போதாததற்கு அவன் என் தங்கை நூரிஸின் புருஷன் வேறு.

பதினெட்டு வயதில் அமெரிக்கா போனவன். பெரிய அணிகளின் வாசல் வரைக்கும் சின்ன அணிகளோடு பஸ்ஸிலேயே எட்டு வருடம் சுற்ற வைத்தார்கள். பிறகு இவனைவிட வேகமாக வீசும் பொடியன் கிடைத்துவிட்டான் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் வெனிசுலா, நிகராகுவா, கூப்பிட்ட இடமெல்லாம். இப்போது முப்பத்தாறு வயது. அன்று கேலரியில் வைக்கோல் தொப்பியோடு, ஆள் பொறுக்க வந்த ஒரு மெக்சிகோக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் மார்ச்சில் மெக்சிகோ. பிடிக்காவிட்டால் சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்க வேண்டியதுதான். இரவெல்லாம் நூரிஸ் மாதாவிடம் மன்றாடியிருந்தாள்.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் எலாடியோ எழுந்து எங்கள் மேனேஜர் லிகோரியோவிடம் போனான்.

"தலைவரே, ஒரு விஷயம் சொல்லணும்..."

கிழவர் விருட்டென்று எழுந்து கக்கூஸுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். எலாடியோ மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"டேய், பேச வர்றான்டா! ஓடுங்கடா!" என்று கத்தினான் ஷார்ட்ஸ்டாப்பில் நின்று பந்து தடுக்கும் பெலூச்சோ. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் ஓடினேன்.

ஏழாவதில் என் கையுறைக்குள் விழுந்த பந்தில் சத்தமே இல்லை. இத்தனை வருடம் அவன் பந்தைப் பிடித்த கைக்கு அது தெரியாதா? சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று அவன் நின்று வீசும் மேட்டுக்கு நடந்தேன்.

"மாப்ள, என்னாச்சு?"

"வாய கையுறையால மூடிக்கிட்டுப் பேசு, மச்சான். அந்த மெக்சிகோ ஆளு பாக்குறாரு." அவன் முகம் வெளுத்திருந்தது. "சுண்டு விரலும் மோதிர விரலும் இருக்கான்னே தெரியல. முழங்கையில நெருப்ப வச்ச மாதிரி இருக்கு. அஞ்சாவதுலேர்ந்து."

"அப்ப எறங்கித் தொலையேன்!"

"யாரையும் அடிக்க விடாதவன் நடுவுல எறங்குனா ஏன்னு கேக்க மாட்டாரா? கை செத்துப்போச்சுன்னு புரிஞ்சு நாளைக்கே கெளம்பிடுவாரு." மூச்சு வாங்கினான். "ஒருத்தன் அடிச்சாப் போதும், மச்சான். ஒரே ஒரு அடி. அப்புறம் கெழவரே வந்து முதுகத் தட்டி எறக்கிடுவாரு. ஜனம் எந்திரிச்சுக் கைதட்டும். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. மார்ச்சுக்குள்ள கையத் தேத்திக்குவேன்."

நாங்கள் நான்கு ரன் முன்னால் இருந்தோம். ஓர் அடியில் குடி முழுகிவிடாது. சரி என்றேன்.

அடி வாங்குவது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அவன் மெதுவாக, நேராக, இந்தா என்று கொடுப்பதுபோல வீசினான். வேகத்துக்குக் காத்திருந்த தடியன்கள் பந்து வருமுன்பே மட்டையைச் சுழற்றிவிட்டு விழித்தார்கள். எட்டாவதில் ஒருவன் அருமையாக அடித்தான். பந்து பறந்தபோது எனக்கு உயிர் வந்தது. பெலூச்சோ பாய்ந்து, புரண்டு, அதைப் பிடித்துத் தொலைத்தான். பிடித்ததோடு விடாமல் பல்லை இளித்துக்கொண்டு தூக்கிக் காட்டினான். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. மைதானம் அதிர்ந்தது. மேட்டில் எலாடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். இன்னும் ஒருவன்தான் பாக்கி. எதிரணியின் பிர்ஹிலியோ, நல்ல அடிகாரன். அவனையும் அவசரம் கெடுத்தது. இரண்டு தடவை காற்றை அடித்தான். இன்னொன்று தவறினால் முடிந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. சொந்த அணிக்குத் துரோகம் என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"பிர்ஹிலியோ, மெதுவா நடுவுல வருது. அடிச்சிரு."

"போய் உங்கப்பன்கிட்டச் சொல்லு."

"எங்கம்மா மேல சத்தியம்டா!"

"போன வாரம் ஏமாத்துனப்பவும் இதே அம்மாதான்."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மட்டைக்காரன் காதில் பொய் ஊதுவதும் கேட்சரின் வேலைதான். பத்து வருடமாக அவனிடம் ஊதியிருக்கிறேன். எலாடியோ வீசினான். பந்து மெதுவாக, நட்டநடுவில், நான் சொன்னபடியே வந்தது. கடைசி நொடியில் கீழே விழும் என்று நம்பி பிர்ஹிலியோ மட்டையை அடக்கிக்கொண்டான். அது விழவில்லை. நட்டநடுவில் வந்ததை அடிக்காமல் விட்டாலும் தவறியதாகத்தான் கணக்கு; அம்பயர் கை உயர்ந்தது.

ஜனம் வேலி தாண்டி வந்து எலாடியோவைத் தோளில் தூக்கியது. எவனோ வலது கையைப் பிடித்து மேலே இழுத்தான். எலாடியோ அலறினான். சந்தோஷத்தில் கத்துகிறான் என்று எல்லோரும் கூடக் கத்தினார்கள். அவர்களை இடித்துத் தள்ளி அவனை நான்தான் கீழே இறக்கினேன்.

மெக்சிகோக்காரர் வந்தார். "என் ஆயுசுல இப்படி ஒண்ணு பாத்ததில்ல, தம்பி" என்று கையை நீட்டினார். எலாடியோவின் வலது கை இடுப்புக்கு மேல் எழவில்லை. இடது கையை நீட்டினான்.

அவருடைய வலது முழங்கையும் முழுதாக நிமிராது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவரும் ஒரு காலத்தில் பிட்சர். எலாடியோவின் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் சற்று நேரம் பிடித்திருந்தார். "கடவுள் தொணை இருப்பாரு, தம்பி" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் நடந்தார். எலாடியோ அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

லிகோரியோ கிழவர் அழுதுகொண்டே ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். இனிப் பேசலாம் அல்லவா?

"என் ராசா! இப்பச் சொல்லு. அப்ப என்னமோ சொல்ல வந்தியே, என்னது?"

"ஒண்ணுமில்ல, தலைவரே" என்றான் எலாடியோ.